உள்ளே சாவி, வெளியே நாம்



போன வாரம் பழைய மாணவர் ஒருவர் நாமக்கல்லிலிருந்து போன் செய்தார். அவருடைய அம்மா கதவை உள்ளே பூட்டிக்கொண்டு தூங்கிவிட்டார். சாவி பூட்டிலேயே நிற்கிறது. இவர் கையில் டூப்ளிகேட் இருந்தும் பாதிக்கு மேல் நுழையவில்லை. "சரியான சாவிதான் சார், ஆனா போகமாட்டேங்குது" என்றார். காலிங் பெல்லை விடாமல் அடித்து அம்மாவை எழுப்பிவிட்டார். ஆனாலும் ஏன் திறக்கவில்லை என்ற கேள்வி அவரை விடவில்லை. 34 வருஷம் வரலாறு நடத்தியவனிடம் பூட்டைப் பற்றிக் கேட்டால் கொஞ்சம் பின்னால் போய்த்தான் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் பழைய வீடுகளில் இந்தச் சிக்கல் பெரும்பாலும் வந்ததில்லை. வீட்டுக்குள் இருந்தால் தாழ்ப்பாள். வெளியே போனால் நாதாங்கியில் பூட்டு. இரண்டும் வேறு வேறு சாமான்கள். திறவுகோல் என்ற சொல்லையே பாருங்கள், அதில் கோல் இருக்கிறது. கதவின் ஓட்டை வழியாக நீளமான கோலை விட்டு உள்தாழை நகர்த்துவது உலகத்தின் பல பகுதிகளில் இருந்த பழைய முறை. நம் சொல்லும் அதைத்தான் நினைவு வைத்திருக்கிறது என்பது என் எண்ணம். கொல்லிமலைக்கு நான் வேலைக்கு வந்த புதிதில், உள்ளடங்கிய ஊர்களில் படலை இழுத்துச் சாத்திவிட்டுக் காட்டுக்குப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். அங்கே பூட்டே கிடையாது, சாவி எங்கே உள்ளே மாட்டுவது?

பூட்டு என்றதும் நமக்குத் திண்டுக்கல்தான். தண்ணீர் குறைவு, விவசாயத்தை நம்ப முடியாது, கைத்தொழில் வளர்ந்தது. சங்கரலிங்காச்சாரி சகோதரர்கள் தொடங்கி வைத்த தொழில், 150 வருஷத்துக்கு மேல் ஆகிறது என்று சொல்வார்கள். மாங்காய்ப் பூட்டு, மணிப் பூட்டு என்று எத்தனையோ வகை. உள்ளே லீவர்கள், அதாவது சாவியின் பல் தூக்கிவிடும் தகடுகள். தகடு கூடக் கூடத் திருடனுக்கு வேலை கூடும். 2019 ஆகஸ்டில் இந்தப் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கைவினைஞர்கள் குறைந்துபோன பிறகு வந்த மரியாதை அது, கொஞ்சம் தாமதம்தான். நம் விஷயத்துக்கு வேண்டியது இதுதான்: திண்டுக்கல் பூட்டு தொங்கும் பூட்டு. சாவித்துளை ஒரே பக்கம்.

கதவின் உடம்புக்குள்ளேயே பூட்டைப் பொருத்தும்போதுதான் துளை இரண்டு பக்கமும் வருகிறது. ஐரோப்பாவில் இது பழைய வழக்கம். நம் நாட்டில் 1897இல் அர்தேஷிர் கோத்ரெஜ் பம்பாயில் பூட்டுத் தொழில் தொடங்கினார். படித்தது வக்கீல் படிப்பு, முதலில் அறுவை சிகிச்சைக் கருவிகள் செய்து பார்த்து அது ஓடாமல் பூட்டுக்கு வந்தவர். இப்போது நகரத்து வீடுகள் எல்லாம் கதவுக்குள் புதைந்த பூட்டுகள்தாம்.

பூட்டுச் செய்தவர்கள் நெடுங்காலம் ஒரே ஆளை நினைத்துத்தான் செய்தார்கள்: சாவி இல்லாமல் வெளியே நிற்கும் திருடன். லண்டனில் பிரமா கம்பெனி தன் பூட்டைக் கடைச் சன்னலில் வைத்து, திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று எழுதிப்போட்டது. பல பத்தாண்டுகள் அது அசையவில்லை. 1851இல் பெரிய கண்காட்சி நடந்தபோது அமெரிக்காவிலிருந்து வந்த ஆல்ஃபிரட் ஹாப்ஸ், 16 நாட்களில் மொத்தம் 51 மணி நேரம் உட்கார்ந்து அதைத் திறந்தார். சப் கம்பெனியின் பூட்டு அவருக்கு 25 நிமிட வேலை. ஊரே ஆடிப்போனது.

அந்தக் காலத்துத் திருடர்களுக்கு அவ்வளவு பாடு வேண்டியிருக்கவில்லை. வீட்டுக்காரர் படுக்கும்போது பூட்டி, சாவியை அதிலேயே விட்டுவிடுவார். துளையை அடைத்தாயிற்று, இனி எவன் சாவி போடுவான் என்ற தைரியம். திருடன் குழாய் போன்ற மெல்லிய மூக்குக் குறடு கொண்டுவருவான். வெளித்துளை வழியாக விட்டு, உள்ளே நிற்கும் சாவியின் நுனியைப் பிடித்துத் திருப்புவான். வீட்டுக்காரரின் சாவியாலேயே வீடு திறக்கும்! ஆங்கிலத்தில் அந்தக் குறட்டுக்கு 'அவுட்சைடர்' என்றே பெயர்.

இன்று பூட்டுத் திறக்க வருபவரும் லீவர் பூட்டில் ஏறக்குறைய இதைத்தான் செய்கிறார். உள்சாவி நேராக நின்றால் மெல்லிய கம்பியால் பின்னுக்குத் தள்ளலாம், கீழே விழும், பிறகு டூப்ளிகேட் நுழையும். கதவடியில் சந்து இருந்தால் முன்கூட்டியே செய்தித்தாளை உள்ளே விட்டு, விழுந்த சாவியைத் தாளோடு இழுத்தும் எடுக்கலாம். சாவி பாதி திரும்பி நின்றால் அதன் பல் உள்ளே மாட்டியிருக்கும், தள்ளினால் வராது. முதலில் அதைப் பிடித்து நேராக்க வேண்டும். பொறுமை வேண்டிய வேலை.

மாணவர் வீட்டில் இருப்பது இந்த வகை இல்லை. அது சிலிண்டர் பூட்டு. எகிப்தியர்களின் மரப்பூட்டில் இருந்த ஊசித் தத்துவத்தை 1860களில் அமெரிக்காவின் லைனஸ் யேல் சின்னஞ்சிறு உலோக உருளைக்குள் கொண்டுவந்தார். இன்றைய கதவுகளில் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே சிலிண்டர். நடுவில் ஒரு நாக்கு, அதுதான் தாழை நகர்த்துகிறது. சாதாரண வகையில் அந்த நாக்கு ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து உருளையோடுதான் இணையும். உள்ளே சாவி முழுதாக நின்றால் இணைப்பு அந்தப் பக்கமே நின்றுவிடும், வெளிச்சாவி முழுதாகப் போகாது. ஊடுருவிய துளை கிடையாது, கம்பி விட்டுத் தள்ளவும் முடியாது. பல நேரம் டிரில் போட்டுச் சிலிண்டரையே பலி கொடுக்க வேண்டியதுதான்.

இரண்டு வருஷத்துக்கு முன் எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்ல வேண்டும். தனியாக இருக்கும் ஒரு பெரியவர் மார்கழிக் குளிரில் விடிகாலை குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். முனகல் வெளியே கேட்கிறது. சேலத்தில் இருக்கும் மகள் இப்படி ஒன்று நடக்கலாம் என்றுதான் பக்கத்து வீட்டில் டூப்ளிகேட் கொடுத்து வைத்திருந்தார். அது நுழையவில்லை, உள்ளே சாவி நிற்கிறது. சாவிக்காரரை அழைத்தால் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வர வேண்டும். அந்த நேரத்தில் எங்களுக்குக் கிடைத்தது ஒரு தச்சர். முன்கதவைத் தொடாமல் பின்கதவின் சட்டத்தை உளியால் பிளந்து உள்ளே போக நாற்பது நிமிடம் ஆனது. இடுப்பு எலும்பு முறிவு, பிழைத்துக்கொண்டார். திருடனுக்குப் பயந்து வாங்கிய பூட்டு, உதவிக்கு வந்த எங்களைத்தான் அன்றைக்கு நிறுத்தியது. எங்களில் யார் திருடன், யார் பக்கத்து வீட்டுக்காரர் என்று அதற்கு எப்படித் தெரியும்?

இதற்கு மாற்று இருக்கிறது. உள்ளே சாவி நின்றாலும் வெளிச்சாவியை ஏற்கும் சிலிண்டர் கடையில் கிடைக்கிறது. இல்லையென்றால் உள்பக்கம் சாவிக்குப் பதில் திருகும் குமிழ் வைத்தது வாங்கலாம். பெரியவர்கள் தனியாக இருக்கும் வீட்டில் நான் குமிழைத்தான் சொல்வேன், பக்கத்தில் கண்ணாடி இல்லாத கதவாக இருந்தால். கண்ணாடியை உடைத்துக் கைவிட்டால் குமிழ் யாருக்கும் திரும்பும். எதை வாங்கினாலும் கடையிலேயே உள்ளே ஒரு சாவியை மாட்டி, வெளியிலிருந்து இன்னொன்றால் திறந்து காட்டச் சொல்லுங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். உள்தாழ்ப்பாளையும் சேர்த்துப் போட்டால் எந்த சிலிண்டரும் உதவாது, அதையும் அப்பா அம்மாவிடம் சொல்லி வையுங்கள்.

அவசரமென்றால் தீயணைப்புத் துறை, 101. சாவிக்காரரைக் கூப்பிட்டாலும் சரி, அவர்களைக் கூப்பிட்டாலும் சரி, "உள்ளே சாவி நிற்கிறது" என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவர்கள் எடுத்து வரும் சாமானே மாறும்.