சர்க்கரைப் போர்வை

கிருமிகளுள் சில மகா தந்திரசாலிகள். நிமோனியாவைக் கொண்டுவரும் நிமோகாக்கஸும், பச்சைக் குழந்தைகளை மூளைக்காய்ச்சலில் தள்ளும் ஹிப் கிருமியும் ஒரு போர்வையைப் போர்த்திக்கொண்டுதான் உடம்புக்குள் புகுகின்றன. அந்தப் போர்வை எதனால் ஆனது? 1923-ஆம் ஆண்டில் நியூயார்க் ராக்பெல்லர் நிலையத்தில் ஏவரியும் ஹைடல்பர்கரும் நிமோகாக்கஸை ஆராய்ந்து, அது ஒருவகைச் சர்க்கரைச் சங்கிலி என்று கண்டார்கள்.

'அப்படியானால் போர்வையை மட்டும் ஊசியாகப் போட்டால் என்ன?' என்ற எண்ணம் பிறந்தது. அமெரிக்க விமானப்படை வீரர் சுமார் 17,000 பேரில் பாதிப் பேருக்குப் போட்டுப் பார்த்தார்கள். ஊசியில் அடங்கிய வகைகளால் வரும் நிமோனியா அவர்களிடம் வெகுவாகக் குறைந்தது என்று 1945-இல் செய்தி வெளியாயிற்று. ஆனால் அதே சமயத்தில் பெனிசிலின் வந்துவிட்டது. வந்த நோயை மருந்து தீர்க்கும்போது வராத நோய்க்கு ஊசி எதற்கு? சர்க்கரை ஊசி கேட்பாரற்றுப் போயிற்று.

பிறகு 1974-இல் பின்லாந்து நாட்டில், சுமார் 1,00,000 குழந்தைகள் பங்குகொண்ட சோதனையில், ஹிப்பின் சர்க்கரை ஊசியைப் பரீட்சித்தார்கள். ஒன்றரை வயதைத் தாண்டியவர்களுக்குப் பலன் கிடைத்தது. அதற்குக் கீழ்ப்பட்ட சிசுக்களுக்குக் கிடைக்கவில்லை. யாருக்கு ஆபத்து அதிகமோ அவர்களையே ஊசி கைவிட்டுவிட்டது!

காரணம் இதுதான். எதிர்ப்பொருளை உண்டாக்குபவை நம் ரத்தத்திலுள்ள 'பி' அணுக்கள். அவற்றுக்குத் துணை நின்று ஊக்குபவை 'டி' அணுக்கள். 'டி' அணுவுக்குப் புரதம் தெரியும். வெறும் சர்க்கரை தெரியாது. ஆகவே சர்க்கரை ஊசி போட்டால் 'பி' அணு தனியாகப் போராடுகிறது. பெரியவர்களிடம் ஓரளவு எதிர்ப்பு உண்டாகிறது. ஆனால் நினைவு தங்குவதில்லை. மறுபடி போட்டாலும் எதிர்ப்பு முன்னைவிட ஓங்குவதில்லை. சிசுவின் 'பி' அணுவுக்கோ அந்தத் தனிப்போருக்கும் வலுவில்லை.

பூவோடு சேர்ந்த நாரும் மணம் பெறும் அல்லவா? சர்க்கரையைப் புரதத்தோடு பிணைத்துவிட்டால் கதையே மாறுகிறது. சர்க்கரையைப் பற்றும் 'பி' அணு, புரதத்தையும் சேர்த்து விழுங்கி, அதன் துணுக்குகளை வெளியே காட்டுகிறது. அதைக் கண்டு 'டி' அணு உதவிக்கு வருகிறது. வலுவான எதிர்ப்பொருள் பிறக்கிறது, நினைவும் நிலைக்கிறது. அடுத்த ஊசிக்கு எதிர்ப்பு பன்மடங்கு உயர்கிறது. தொண்டையில் கிருமி குடியிருப்பதும் குறைவதால், ஊசி போடாத அண்டை வீட்டுக் குழந்தைக்கும் ஓரளவு காவல் கிடைக்கிறது.

விந்தை என்னவென்றால், இந்தப் பிணைப்பு புதிதன்று. 1931-லேயே ஏவரியும் கோபெலும் நிமோகாக்கஸின் சர்க்கரையைக் குதிரைச் சீரத்தின் புரதத்தோடு இணைத்தார்கள். வெறும் சர்க்கரைக்கு அசையாத முயல்கள், இதற்கு எதிர்ப்பொருளை உண்டாக்கின. அந்த வழியை ஹிப்புக்கு ராபின்ஸும் ஷ்னீர்சன் அம்மையாரும் ஒருபுறம், ஆண்டர்சனும் ஸ்மித்தும் மறுபுறம் கையாண்டு வெற்றி கண்டார்கள். 1987-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 1990-இல் இரண்டு மாதச் சிசுவுக்கே போடலாம் என்றாயிற்று. ஆண்டுதோறும் ஏறத்தாழ 20,000 சிறு குழந்தைகளைப் பீடித்துவந்த நோய், பத்தாண்டுகளுக்குள் நூற்றுக்கு 99 பங்கு ஒழிந்தது. தமிழ்நாட்டின் அரசுத் திட்டத்தில் ஐந்து நோய்களுக்கான கூட்டு ஊசியில் அது சேர்ந்தது 2011 டிசம்பரில்.

பெனிசிலினைக் குறை சொல்வது நன்றிகெட்ட செயல். எத்தனையோ உயிர்களை அது காத்தது. ஆனாலும் முயல்கள் விடை சொன்ன 1931-க்கும், குழந்தைகளுக்கு அந்த விடை எட்டிய காலத்துக்கும் நடுவே அரை நூற்றாண்டுக்குமேல் ஓடிவிட்டது. அந்த இடைவெளியில் உயிரிழந்த, செவிப்புலனை இழந்த குழந்தைகளின் கணக்கை யார் எழுதுவது?