மல்லருள் முதல்வர் யார்?

நாமக்கல்லில் 18 அடி உயர ஆஞ்சநேயரை வழிபடும் நமக்கு, வடநாட்டு மல்லர்கள் அனுமனை வணங்கிப் பயிலும் வழக்கம் விந்தையன்று. மல்லருள் முதலிடம் எவருக்கு? 1968-இல் பம்பாயில் அமெரிக்க வீரர் லூ தெஸ்ஸை வென்ற தாராசிங்கையே பலர் கூறுவர். ஆயினும் தொழில்முறைக் குத்தகைக் காட்சிகளில் வெற்றி தோல்வி முன்னரே வகுக்கப்படுவதுண்டு. ஆதலின் யான் காமாவையே முன்வைப்பேன். 1910-இல் இலண்டனில் போலந்து வீரர் ஸிபிஸ்கோ, இரண்டரை மணி நேரம் பெரும்பாலும் தரையிலேயே கிடந்து தோல்வியைத் தவிர்த்தார்; மறுபோட்டிக்கு வரவேயில்லை. காமா காத்திருந்தார். 1928-இல் பட்டியாலாவில் மீண்டும் எதிர்ப்பட்டபோது, ஒரு நிமிடத்திற்குள் அவரை வீழ்த்தினார். 18 ஆண்டுகள் பயிற்சி தளராது காத்த அவ்வுறுதியே முதன்மைக்கு அளவுகோல். உடல்வலி பிறகுதான்.