கோதுமை பியரும் கோமகனின் கருவூலமும்



மதுவைப் பற்றித் தமிழாசிரியன் எழுதலாமா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். யாரையும் குடிக்கத் தூண்டுவதற்காக இதை எழுதவில்லை. ஒரு சட்டத்தை எவ்வாறு படிக்க வேண்டும் என்பதற்கு, ஜெர்மனியின் கருநிறக் கோதுமை பியரின் வரலாறு நல்லதொரு பாடமாக எனக்குத் தோன்றுகிறது.

இதனை ஜெர்மானியர் ‘துங்கல்வைட்சன்’ என்பர். ‘துங்கல்’ என்றால் கருமை. ‘வைட்சன்’ என்றால் கோதுமை. தென் ஜெர்மனியிலுள்ள பவேரியாவே இதன் தாயகம். இதில் சேரும் முளைதானியத்தில் குறைந்தது பாதி கோதுமை, எஞ்சியது வாற்கோதுமை. முளைவிட்ட தானியத்தைச் சற்று அதிக வெப்பத்தில் உலர்த்துவதால் பழுப்பு நிறமும், நன்கு வெந்த ரொட்டியின் மேலோட்டுச் சுவையும் கிடைக்கின்றன. வாழைப்பழ மணமும் கிராம்பு மணமும் எழும். ஆனால் பழமோ கிராம்போ சேர்ப்பதில்லை. இரண்டும் ஈஸ்ட் தரும் கொடை. கசப்பு மிகக் குறைவு. மிகுதியாகக் குளிர்வித்தால் மணம் அடங்கிவிடும் என்பதால், சுவையறிந்தோர் மிதமான குளிர்ச்சியில், உயரமான கண்ணாடிக் குவளையில் ஊற்றி, முதலில் முகர்ந்து பின்னரே அருந்துவர்.

இத்தகைய பானத்தைப் பவேரியாவின் சட்டமே ஒரு காலத்தில் தடுத்தது. 1516 ஏப்ரல் 23ஆம் நாள், கோமகன்கள் நான்காம் வில்ஹெல்மும் பத்தாம் லுட்விக்கும் இங்கோல்ஸ்டாட் நகரில் ஓர் ஆணை பிறப்பித்தனர். வாற்கோதுமை, ஹாப்ஸ், நீர் ஆகிய மூன்றைக் கொண்டே பியர் காய்ச்ச வேண்டும் என்றது அவ்வாணை. ஈஸ்ட் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. இன்று உலகம் இதனைத் ‘தூய்மைச் சட்டம்’ என்று போற்றுகிறது. ஆயினும், அந்த ஆணையில் பெரிதும் பேசப்படுவது விலை. குளிர்காலத்தில் ஒரு படி பியர் ஒரு பெனிக்கிற்கு மேல் விற்கக் கூடாது; கோடையில் இரண்டு பெனிக்கிற்கு மேல் போகக் கூடாது. கோதுமையை ரொட்டிக்காகக் காப்பதும் ஒரு நோக்கம் என வரலாற்றறிஞர் விளக்குவர். ‘தூய்மைச் சட்டம்’ என்னும் பெயரோ 1918இல்தான், பவேரியச் சட்டமன்ற விவாதமொன்றில் தோன்றியது. சட்டம் பிறந்து 400 ஆண்டுகளுக்குப் பின்னர் அதற்குப் பெயர் சூட்டப்பட்டது!

இனித்தான் வேடிக்கை. பிறருக்கு மறுக்கப்பட்ட கோதுமை பியரைக் காய்ச்சும் தனியுரிமை, தேகன்பெர்க் என்னும் பிரபு குடும்பத்திற்கு வழங்கப்பட்டிருந்தது. 1602இல் அக்குடும்பம் வாரிசின்றி முடிவுற்றது. உரிமை கோமகன் முதலாம் மாக்சிமிலியனின் கைக்கு வந்தது. ரொட்டிக்கு வேண்டிய தானியம் என்ற கவலை அப்போது எங்கே போயிற்று? 1607இல் மியூனிக்கிலும் கெல்ஹைமிலும் அரசுக் கோதுமை பியர் ஆலைகள் எழுந்தன. வருவாய் அரசக் கருவூலத்தை நிறைத்தது.

காலம் மாறியது. மக்களின் விருப்பம் வாற்கோதுமை பியரின் பக்கம் சாய்ந்தது. அரசின் பிடியும் தளர்ந்தது. கோதுமை பியர் மறைந்துவிடுமோ என்றிருந்த நிலையில், 1872இல் கியோர்க் ஷ்னைடர் என்பவர் மன்னர் இரண்டாம் லுட்விக்கிடமிருந்து அதனைக் காய்ச்சும் உரிமையைப் பெற்றார். அவர் வழிவந்தோர் 1920களின் இறுதியில் கெல்ஹைம் ஆலையையும் வாங்கினர். கோமகனுக்காக எழுந்த அந்த ஆலையில் இன்றும் அக்குடும்பத்தார் செம்பழுப்பு நிறக் கோதுமை பியரைக் காய்ச்சி வருகின்றனர்.

வரலாற்றுப் பாடத்தில் நாம் பெரும்பாலும் ஆண்டையும் சட்டத்தின் பெயரையும் மனனம் செய்யச் சொல்கிறோம். ‘1516 – தூய்மைச் சட்டம்’ என்று எழுதிய மாணவனுக்கு முழு மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் அந்தப் பெயரை யார், எப்போது இட்டார்? தடையால் இழந்தவர் யார்? விலக்குப் பெற்றவர் யார்? பணம் யாரிடம் சேர்ந்தது? இந்நான்கு கேள்விகளையும் கேட்கத் தெரிந்த மாணவன், நாளை எந்த நாட்டின் சட்டத்தையும் ஏமாறாமல் படிப்பான். வகுப்பில் பியரைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. உப்பு வரியையோ தேயிலை வரியையோ எடுத்துக்கொண்டு இக்கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். வீட்டில் பெற்றோரும் கேட்கலாம்.