கடல் கடந்த கூத்தும் பறையும்: திருவண்ணாமலைப் பகுதியும் மேலையிந்தியத் தீவுகளும்

வரலாறு கல்லிலும் செம்பிலும் பொறிக்கப்பட்டவற்றைக் கொண்டே வரையத்தக்கது என்னும் எண்ணம் நம் ஆராய்ச்சியுலகில் ஆழ வேரூன்றியுள்ளது. திருவண்ணாமலையை எடுத்துக்கொள்வோம். அண்ணாமலையார் திருக்கோயிலின் கல்வெட்டுகளைத் திரட்டிப் புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் 1990ஆம் ஆண்டையொட்டி வெளியிட்டனர். கோயிலின் கட்டட அமைப்பும், வழிபாட்டு முறையும், ஊரின் மக்கள் வாழ்வும் அவ்வரிசையில் தனித்தனித் தொகுதிகளாக ஆராயப்பெற்றன. நிலம் அளித்தவர் யாவர், நந்தாவிளக்கு வைத்தவர் யாவர் என்பன இன்று நமக்குத் தெரியும். ஆயின் அம்மலையைச் சூழ்ந்த நாட்டுப்புறத்தினின்று கடல் கடந்து சென்ற எளிய மக்களைப் பற்றி அக்கற்கள் ஒன்றும் கூறா. அவர்கள் கொடை அளித்தவரல்லர். அவருட் பலர் கோயிலுள் புகவும் உரிமை பெறாதவர். சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் நிறைவேறியது 1947ஆம் ஆண்டிலேயே என்பதை நினைவிற்கொள்ளல் வேண்டும். அன்னார் வரலாற்றுக்குச் சான்று யாது? கரிபியன் கடலைச் சார்ந்த மேலையிந்தியத் தீவுகளில் இன்றும் கேட்கப்படும் பறையொலியும் கூத்துமே அச்சான்று என்பதை இக்கட்டுரையில் நிறுவ முயல்வோம்.

1. பெயர்வும் வழியும்

ஆங்கிலேயர் தம் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1834இல் நடைமுறைக்கு வந்தது. 1838இல் அடிமைகள் முழு விடுதலை பெற்றனர். பிரெஞ்சுக்காரர் 1848இல் அம்முறையை ஒழித்தனர். கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியவர்கள் இந்தியாவை நோக்கினர். பிரித்தானியக் கயானாவுக்கு முதற்கப்பல்கள் 1838இல் கல்கத்தாவினின்று சென்றன. 1845 முதல் சென்னையினின்றும் ஆட்கள் அனுப்பப்பெற்றனர். பிரெஞ்சுத் தீவுகளான மார்த்தினிக்கிற்கு 1853 மே மாதத்திலும், குவாதலூப்பிற்கு 1854 திசம்பரிலும் ‘அவுரேலி’ என்னும் கப்பல் முதன்முதலாக இந்தியரைக் கொண்டு சேர்த்தது. 1861இல் ஆங்கில அரசும் பிரெஞ்சு அரசும் செய்துகொண்ட உடன்படிக்கை இப்பெயர்வை ஒழுங்குபடுத்திற்று. மார்த்தினிக்கிற்கு 25,000க்கு மேற்பட்டோரும், குவாதலூப்பிற்கு 42,000க்கு மேற்பட்டோரும் சென்றனர். அவருட் பெரும்பாலோர் புதுச்சேரி, காரைக்கால் துறைகளில் கப்பலேறியவர். மார்த்தினிக் பெயர்வு 1880களின் இடையில் முடிவுற்றது. குவாதலூப்பிற்குச் செல்லுதலை ஆங்கில அரசு 1888இல் தடுத்துவிட்டது.

இங்கு ஒரு செய்தி கருதத்தக்கது. கப்பலேறிய துறைகள் பிரெஞ்சுக்காரருடையவை. ஏறிய மக்களோ பெரும்பாலும் ஆங்கில ஆட்சிக்குட்பட்ட மாவட்டத்தினர். புதுச்சேரியைச் சூழ்ந்து கிடந்தது தென்னார்க்காடு மாவட்டம். திருவண்ணாமலை அந்நாளில் அம்மாவட்டத்தைச் சேர்ந்த வட்டமாகவே இருந்தது. மலையடிவாரத்தினின்று செஞ்சி, திண்டிவனம் வழியாகப் புதுச்சேரிக்குச் செல்லும் பாதை ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தொலைவுடையது; சில நாள் நடையில் கடக்கத்தக்கது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சம் வடவார்க்காட்டையும் தென்னார்க்காட்டையும் விட்டுவைக்கவில்லை. ஊர் ஊராகச் சென்று ஆள் திரட்டிய மேஸ்திரிகளுக்குப் பசி துணையாயிற்று.

அப்பாதை வேறொரு வகையாலும் சிறப்புடையது. தெருக்கூத்தும் திரௌபதியம்மன் வழிபாடும் செறிந்து விளங்கும் நிலப்பகுதியின் நடுவே அது செல்கின்றது. செஞ்சி வட்டாரம் திரௌபதி வழிபாட்டின் உறைவிடம் என்பதை ஆல்ஃப் ஹில்டபெய்டல் 1988இல் வெளியிட்ட நூலில் விரிவாகக் காட்டினார். கூத்துக்குப் பெயர்பெற்ற புரிசை இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்திலேயே உள்ளது. கூத்தின் நிலமும் கூலிகளைத் திரட்டிய நிலமும் பெரிதும் ஒன்றே என்பது நம் முதற்கருத்து.

2. குடியுரிமைப் போராட்டம்

ஐந்தாண்டு ஒப்பந்தம் முடிந்தபின் பலர் ஊர் திரும்பவில்லை. அவர்தம் மக்கள் தீவுகளிலேயே பிறந்து வளர்ந்தனர். இவர்கள் எந்நாட்டுக் குடிகள் என்னும் வினா எழுந்தது. புதுச்சேரியில் 1881ஆம் ஆண்டின் ஆணைப்படி, தம் மரபுச் சட்டத்தைக் கைவிட்ட இந்தியர் பிரெஞ்சுக் குடியியற் சட்டத்துக்கு உட்பட்டவராயினர். குவாதலூப்பில் பிறந்தவர்க்கோ அவ்வழி இல்லை. அவர்தம் பெற்றோர் ஆங்கில அரசின் குடிகள் எனக் காட்டி, வாக்காளர் பட்டியலில் அவரைச் சேர்த்தலாகாது என்றனர் எதிர்ப்போர். பிரெஞ்சு மண்ணில் உழைத்த தமிழர், தென்னார்க்காடு ஆங்கிலேயருக்குரியது என்னும் ஒரு காரணத்தாலேயே உரிமை இழந்தனர் என்க.

இவ்வழக்கை எடுத்து நடத்தியவர் ஆன்றி சிதம்பரோம். இவர் 1863இல் குவாதலூப்பின் கப்பெஸ்தேர் என்னும் ஊரிற் பிறந்தவர். 1904இல் தொடங்கிய இவருடைய போராட்டம் 1923 வரை நீண்டது. அவ்வாண்டில் பிரெஞ்சு முதலமைச்சர் புவன்காரே, தீவில் பிறந்த இந்தியரின் குடியுரிமையை ஒப்புக்கொண்டார். சிதம்பரோம் 1952இல் மறைந்தார். பின்னர், 1981 முதல் 2002 வரை குவாதலூப்பின் சார்பிற் பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் அமர்ந்த எர்னெஸ்த் முத்துசாமியின் பெயரும், 2015 முதல் 2020 வரை கயானாவின் தலைமை அமைச்சராயிருந்த மோசசு நாகமுத்துவின் பெயரும் அப்பழைய பெயர்வின் அடையாளங்கள். முத்துசாமி தம் தீவின் இந்தியத் தன்மையைப் பற்றியும், நாகமுத்து பெர்பிசுக் கரையில் வாழ்ந்த ‘மதராசி’களைப் பற்றியும் நூல்கள் எழுதினர் என்பதும் குறிக்கத்தக்கது.

3. ஒலி தரும் சான்று

இனி, இம்மக்கள் கொண்டுசென்ற கலைகளை நோக்குவோம். குவாதலூப்பில் விடிய விடிய நிகழும் கூத்து ஒன்றுண்டு. உயர்ந்த முடியும் அணிகளும் புனைந்த ஆடவர் இதிகாசக் கதைகளையும் நாட்டுப்புறத் தெய்வக் கதைகளையும் பாடி ஆடுவர். அதனை அங்குள்ளோர் ‘நாத்ரோம்’ என்பர்; நாடகம் என்னும் சொல்லின் திரிபு அது. முழவு ‘மத்தலோம்’ எனப்படும்; கைத்தாளம் ‘தாலோம்’ எனப்படும். பாட்டை முன்னின்று நடத்துவோர் ‘வாத்தியாலு’. பூசை செய்வோர் ‘பூசாரி’. பறை ‘தப்பு’ என்னும் பெயருடன் குவாதலூப், மார்த்தினிக், கயானா ஆகிய இடங்களில் வழங்குகின்றது. கயானாவில் உடுக்கையும் மாரியம்மன் வழிபாட்டில் முழங்குகின்றது. மாரியம்மன் மார்த்தினிக்கில் ‘மலியெமின்’ ஆனாள். மதுரைவீரன் ‘மல்தெவிலின்’ ஆனான்.

இச்சொற்களை மொழிநூல் நெறியால் ஆராய்வோமாயின் ஒரு நியதி புலனாகும். நாடகம், மத்தளம், தாளம் ஆகியவற்றின் ஈற்றிலுள்ள ‘அம்’ எல்லாவிடத்தும் ஓகாரச் சாயலுடைய மூக்கொலியாயிற்று. இஃது எழுத்துத் தமிழின் ஒலியன்று. ‘மரம்’ என்பதை ‘மரொ’ என மூக்கால் ஒலித்தல் தமிழகப் பேச்சுவழக்கின் இயல்பு. ‘வாத்தியார்’ என்பதை ‘வாத்தியாரு’ என உகரம் சேர்த்து ஒலித்தலும் அத்தகையதே. ரகரம் லகரமானது மட்டும் தீவின் கிரியோல் மொழியில் ஏற்பட்ட மாற்றம் எனலாம். ஆகவே இச்சொற்கள் ஏட்டினின்று பெறப்பட்டவையல்ல; செவிவழியாகப் பெற்றுச் செவிவழியாகவே காக்கப்பட்டவை. சிதம்பரம் என்னும் பெயர் அரசுப் பதிவேட்டில் ‘சிதம்பரோம்’ என நின்றதும் இந்நியதிக்கு உட்பட்டதே. கூத்தின் பெயரையும் குடியுரிமை பெற்றுத்தந்தவர் பெயரையும் ஒரே பேச்சொலி இணைத்து நிற்கின்றது.

தமிழைப் பேசும் ஆற்றல் அத்தீவுகளில் மறைந்துவிட்டது. கிரியோலும் பிரெஞ்சும் அதனிடத்தைக் கொண்டன. ஆயினும் பாட்டு மறையவில்லை. இதற்குக் கூத்தின் அமைப்பே காரணம். வாத்தியார் அடியெடுத்துக் கொடுக்கப் பின்பாட்டுக்காரர் அதனை ஏற்று மீண்டும் பாடுவர். பொருள் விளங்காதவனும் பன்முறை பாடிப் பாடி அடியை மனத்திற் பதித்துக்கொள்வான். பேச்சு நாள்தோறும் பொருளை வேண்டுவது. பாட்டோ தாளம் ஒன்றைப் பற்றிக்கொண்டே நிற்கவல்லது.

ஈண்டு ஒரு தடை எழலாம். கூத்து தமிழகத்தின் பிற பகுதிகளிலும் உண்டன்றோ? காரைக்காலில் ஏறியோர் தஞ்சைப் பகுதியினரன்றோ? உண்மையே. தீவுகளின் கூத்து முழுவதும் அண்ணாமலைச் சூழலினின்று சென்றது எனக் கூறுதல் நம் கருத்தன்று. விடிய விடிய ஆடும் முறை, முடியும் அணியும் புனையும் முறை, முழவும் தாளமும் துணையாகும் முறை ஆகியன இருபுறமும் ஒத்திருத்தலால், புரிசை, செஞ்சி வட்டாரக் கூத்தே ஒப்பிட்டாய்வதற்கு முதலிற் கொள்ளத்தக்கது என்பதே நாம் கூறுவது.

4. தப்பும் தாசாவும்

மேலையிந்தியத் தீவுகளின் மக்களிசையுடன் இதனை ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். திரினிடாடுக்கு 1845 முதல் 1917 வரை ஏறக்குறைய 1,44,000 இந்தியர் சென்றனர். அவருட் பெரும்பாலோர் கல்கத்தா வழியாகச் சென்ற போஜ்புரி மொழியினர். அவர்தம் திருமணப் பாட்டுகளும் ‘தாசா’ முழவும் ஆப்பிரிக்க வழியினரின் காலிப்சோ, சோக்கா இசைகளுடன் கலந்தன. 1970ஐ ஒட்டிச் சுந்தர் போப்போ பாடிய பாட்டு இக்கலப்பிசைக்கு வழிகோலிற்று. 1980களின் இறுதியில் திரௌபதி ராம்கூனை என்னும் பாடகி அதனைத் திருவிழா மேடைக்குக் கொண்டுவந்தார். ‘சட்னி’ என்னும் பெயரால் அது தீவெங்கும் பரவிற்று. குவாதலூப்பிலோ ஆப்பிரிக்க வழியினரின் ‘குவோ-கா’ முழவிசை 2014இல் யுனெஸ்கோவின் மரபுச்செல்வப் பட்டியலில் இடம்பெற்றது. 1979இல் தோன்றிய ‘கசாவ்’ இசைக்குழு ‘சூக்’ என்னும் இசையை உலகறியச் செய்தது.

தமிழரின் தப்போ இவ்வாறு மேடையேறிப் புகழ் பெறவில்லை. பெரும்பாலும் அம்மன் முற்றத்திலேயே நின்றது. திரினிடாடிலும் கயானாவிலும் தமிழர் சிறுபான்மையினர். குவாதலூப்பில் அவர் தொகை மிகுதியாயினும், பிரெஞ்சுப் பண்பாட்டோடு முற்றும் கலக்க வேண்டும் என்னும் அரசின் நெருக்குதல் வலிதாயிருந்தது. மேடையேறாமை ஓர் இழப்பே. எனினும், ஆட்டத்துக்கென இசை மாறியவிடத்துப் பாட்டின் சொல் விரைவில் மாறும். வழிபாட்டில் நின்றவிடத்துப் பழஞ்சொல் மாறாது நிற்கும். பொருள் தெரியாமலே பாடப்படும் அவ்வடிகளில் நூற்றைம்பது ஆண்டுகட்கு முற்பட்ட பேச்சுத்தமிழின் சுவடு உறைந்திருத்தல் கூடும்.

மற்றொன்றும் கூறல் வேண்டும். இந்நாட்டில் பறை நெடுங்காலம் சாவுக்குரியதென ஒதுக்கப்பட்டது. அதனை அடித்தவரும் ஒதுக்கப்பட்டனர். கடலுக்கப்பால் அதே பறை தெய்வத்தை அழைக்கும் கருவியாகவும், முன்னோர் விட்டுச்சென்ற செல்வமாகவும் மதிக்கப்படுகின்றது. நாம் இழிவென எண்ணியதைக் கொண்டு அவர்கள் தம்மைத் தமிழர் வழியினர் என அடையாளம் கண்டனர்.

5. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன இவை. மேலையிந்தியத் தமிழர் வரலாற்றுக்குக் கோயிற் கல்வெட்டுகள் சான்றாகா; கூத்தும் பறையும் அவற்றையொட்டிய சொற்களும் சான்றாகும். அச்சொற்கள் பேச்சுத்தமிழின் ஒலியைக் காத்து நிற்றலால் மொழிவரலாற்றுக்கும் பயன்படும். அவற்றைக் காத்தோர், ஒரே கடற்கரையை இரு வல்லரசுகள் பங்கிட்டுக்கொண்ட அரசியலால் நெடுநாள் நாடற்றவராக நின்றோர்.

ஆதலின் நம் துறை மாணவர் செய்யத்தக்க பணிகள் மூன்றுள. நாத்ரோம் பாட்டுகளை ஒலிப்பதிவு செய்து, புரிசை முதலிய ஊர்களில் வழங்கும் கூத்துப் பாடல்களுடன் அடிக்கு அடி ஒப்பிடல் வேண்டும். குடிபெயர்ந்தோர் பதிவேடுகளிற் சிதைந்து கிடக்கும் ஊர்ப்பெயர்களைத் தமிழ்நாட்டு ஊர்ப்பெயர் அறிவுகொண்டு படித்தல் வேண்டும். இவ்விரண்டிற்கும் பிரெஞ்சும் கிரியோலும் கற்றல் வேண்டும். புதுவையைச் சேர்ந்த சிங்காரவேலு 1975இல் குவாதலூப் இந்தியரைப் பற்றிப் புவியியல் நோக்கில் எழுதி வழிகாட்டினார். தமிழ் நோக்கில் எழுதவேண்டிய நூல் இன்னும் நம் கடனாகவே நிற்கின்றது. கல் காத்திருக்கும், நூறாண்டு கழித்தும் அதனைப் படியெடுக்கலாம். செவிவழி வந்த பாட்டோ அதனை அறிந்த முதியவருடன் மறைவது. எனவே கல்லினும் முந்திப் படிக்கத்தக்கது அதுவே.