குடிநீரும் புளோரைட்டும்: ஓர் ஐயத்தின் வரலாறு

கண்ணுக்குப் புலனாகாத பொருளொன்று குடிநீரிற் கலந்திருப்பின், அதன் வரலாறு அந்நீரை அருந்துவோரின் உடலிலேயே முதலில் எழுதப்படுகின்றது. புளோரைட்டின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1901இல் ஐக்கிய அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிறிங்ஸ் நகரிற் பல் வைத்தியராகப் பணிதொடங்கிய பிரெடெரிக் மக்கே, அங்கு பிறந்து வளர்ந்தோர் பலரின் பற்களிற் கபிலநிறக் கறை படிந்திருத்தலைக் கண்டார். நீரே காரணமாகலாம் என்ற ஐயம் காலப்போக்கில் அவரிடம் வலுப்பெற்றது. 1923இல் ஐடகோ மாநிலத்து ஓக்லி என்னும் சிற்றூரின் தாய்மார், இளஞ்சூடான ஊற்றொன்றிலிருந்து குழாய்வழி நீர் வந்த பின்னரே தம் பிள்ளைகளின் பற்கள் கறைபட்டன என அவரிடம் எடுத்துரைத்தனர். அவரது ஆலோசனைப்படி வேறோர் ஊற்றின் நீர் வழங்கப்பட்டது. சில ஆண்டுகளில் இளஞ்சிறாரின் புதிய பற்கள் கறையின்றி முளைத்தன. கறைக்குக் காரணம் புளோரைட்டே என்பதோ, இரசாயனவியலாளர் சேர்ச்சிலின் பகுப்பாய்வின் வழியாக 1931இலேயே வெளிப்பட்டது.

ஆயினும் அதே பொருள் சிறிதளவிற் பற்சிதைவைத் தடுக்கும் என்பதும் பின்னர் அறியப்பட்டது. 1945இல் கிறாண்ட் றப்பிட்ஸ் நகரின் குடிநீரில் அது வேண்டுமென்றே சேர்க்கப்பட்டது. மறுபுறத்தில், சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில், மிகையான புளோரைட்டு எலும்புகளையும் முள்ளந்தண்டையும் இறுகச்செய்து மாந்தரை முடமாக்கியதை, ஷோர்ட்டும் அவர்தம் உடனாய்வாளரும் 1937இல் வெளிப்படுத்தினர். ஆகவே, நன்மையும் தீமையும் அளவையே பொறுத்தன என்பது தெளிவாயிற்று.

பல்லிலும் எலும்பிலும் நிலைபெற்ற இவ்வறிவு, இன்று குருதியமுக்கத்தை நோக்கித் திரும்பியுள்ளது. புளோரைட்டு மிகுந்த நீரை அருந்துவோரிடையே உயர் குருதியமுக்கம் கூடுதலாகக் காணப்படுவதாகச் சில ஆய்வுகள் கூறுகின்றன. வேறு சில அதனை உறுதிப்படுத்தவில்லை. நிலத்தடி நீரிற் புளோரைட்டுடன் வேறு உப்புக்களும் கலந்துள்ளன. சிறுநீரகப் பாதிப்பும் தன்னளவில் குருதியமுக்கத்தை உயர்த்தவல்லது. எனவே ஒன்றையே காரணமெனத் துணிதல் எளிதன்று.

இவ்வினா ஈழத்தின் உலர்வலயத்திற்குப் புறம்பானதன்று. வட மத்திய மாகாணத்துக் கிணறுகள் பலவற்றிற் புளோரைட்டு, உலக சுகாதார தாபனம் வகுத்த எல்லையாகிய இலீற்றருக்கு 1.5 மில்லிகிராமினை விஞ்சுகின்றது. வெப்பம் மிகுந்த வயலில் உழைப்போர் நீரை மிகுதியாக அருந்துவதால், அவர்தம் உடலிற் சேரும் அளவும் மிகுகின்றது. 1990களில் அப்பகுதியிற் கண்டறியப்பட்ட, காரணம் துணியப்படாத சிறுநீரக நோயும் இவ்வையத்தை மேலும் சிக்கலாக்குகின்றது.

நிறுவப்படாததை நிறுவப்பட்டதெனக் கூறுதல் அறிவியலுக்கு இழுக்காகும். ஆயின், குருதியமுக்கம் பற்றிய வினா தீரும்வரை நல்ல நீரைத் தாமதித்தல் அறத்திற்கு இழுக்காகும். பல்லுக்கும் எலும்புக்கும் நேரும் கேடு ஐயத்திற்கு இடமின்றி நிறுவப்பட்டுள்ளது. எல்லையை மீறிய கிணற்றைக் கைவிட அதுவே போதும். ஓக்லி ஊரார் காரணத்தின் பெயரை அறியுமுன்னரே ஊற்றை மாற்றினர். அவர்தம் பிள்ளைகள் காப்பாற்றப்பட்டனர். வரலாறு புகட்டும் பாடம் இதுவே.