வாக்கில்லாதவர்க்கு வாக்காளர் துணை: கனடாவின் அகதிப் பொறுப்பேற்பு

அகதிகளின் வாழ்வைத் தீர்மானிக்கும் சட்டங்களை இயற்றுவோரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அகதிகளுக்கு இல்லை. ஆதலால் அவர்களுக்காகப் பரிந்து பேசுவோர் வாக்காளரிடமோ நீதிமன்றத்திடமோதான் முறையிட முடிகிறது. இவ்விரு வழிகளின் வலிமையும் வரம்பும் கனடாவில் ஒரு பத்தாண்டுக்குள்ளேயே வெளிப்பட்டன.

1978இல் நடைமுறைக்கு வந்த குடிவரவுச் சட்டம், குறைந்தது ஐந்து பேர் சேர்ந்தோ திருச்சபை போன்ற அமைப்பின் வழியாகவோ அகதிக் குடும்பம் ஒன்றை வரவழைத்து, ஓராண்டுக்கு அதன் செலவை ஏற்கலாம் என்று வகைசெய்தது. 'தனியார் பொறுப்பேற்பு' எனப்பட்ட இம்முறைக்கு, இந்தோசீனாவிலிருந்து படகுகளில் தப்பியோடியவர்களின் துயரம் 1979இல் உயிர் கொடுத்தது. டொராண்டோவில் பேராசிரியர் ஹோவர்ட் அடெல்மன் தம் வீட்டில் அயலாரைக் கூட்டியது, தொகுதி உறுப்பினரும் குடிவரவு அமைச்சருமான ரான் ஆட்கிக்குக் கடிதம் எழுதுவதற்காகவே. ஆனால் அங்கு வந்த அரசு அலுவலர்கள், கடிதத்துக்குப் பதிலாகப் பொறுப்பேற்கும்படி கூற, 'உயிர்க்கயிறு இயக்கம்' பிறந்தது. ஒட்டாவா மேயர் மரியன் டூவர் தம் நகரம் 4,000 பேரை ஏற்கும் என்றார். ஜூலையில் அரசு 50,000 பேரை ஏற்பதாகவும், குடிமக்கள் பொறுப்பேற்கும் ஒவ்வொருவருக்கும் ஈடாகத் தானும் ஒருவரை ஏற்பதாகவும் அறிவித்தது. நாஜிக் காலத்து யூத அகதிகளைக் கனடா புறக்கணித்ததை ஆராய்ந்த இரு வரலாற்றாசிரியர்களின் கையெழுத்துப் படியை ஆட்கி படித்திருந்ததும் இம்முடிவுக்கு ஒரு காரணம். எதிர்ப்பு இல்லாமல் இல்லை; நாளிதழ்களில் கட்டண விளம்பரம் கொடுத்து எதிர்த்தோரும் உண்டு. எனினும் 1980 தேர்தலில் ஆட்சி மாறியபோதும் திட்டம் கைவிடப்படவில்லை. இலக்கு 60,000 ஆக உயர்ந்தது, வந்தோரில் பாதிக்கும் மேற்பட்டோரைக் குடிமக்களே ஏற்றனர்.

ஆயினும் இவ்வரவேற்பு, கனடா தானே தேர்ந்தெடுத்து அழைத்தவர்களுக்கு உரியது. அழைப்பின்றி வந்தோருக்கு அரண் வேறிடத்திலிருந்து கிடைத்தது: 1985இல் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், நாட்டுக்குள் இருக்கும் எவரது அகதிக் கோரிக்கையையும் நேரில் கேட்காமல் மறுப்பது அடிப்படை நீதிக்கு முரண் என்றது. மறு ஆண்டு ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்து கடலில் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 ஈழத்தமிழரை மீனவர் மீட்டபோது, பிரதமர் மல்ரோனி அவர்களைத் திருப்பி அனுப்ப மறுத்தார்; ஆனால் அவர்கள் மேற்கு ஜெர்மனியிலிருந்து புறப்பட்டவர்கள் என்று தெரியவந்ததும் பொதுமக்களிடையே சீற்றம் எழுந்தது. அகதிகளுக்கு ஆற்றிய தொண்டுக்காகக் கனடிய மக்கள் ஐ.நா.வின் நான்சன் பதக்கத்தைப் பெற்றதும் அதே 1986இல்தான். அடுத்த கோடையில் சீக்கியர் 174 பேர் நோவா ஸ்கோஷியாக் கரையில் இறங்கியதும், நாடாளுமன்றம் அவசரமாகக் கூட்டப்பட்டுக் கடுமையான சட்டமுன்வடிவு ஒன்று கொண்டுவரப்பட்டது.

2010இல் சன் சீ கப்பலில் 492 தமிழர் வந்தபோது இதே போக்கு திரும்பியது. 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அவ்வாறு கூட்டமாக வந்தவர்கள் என அமைச்சர் அறிவிப்போர், அகதிகளாக ஏற்கப்பட்டாலும் ஐந்து ஆண்டுகளுக்கு நிரந்தர வதிவிடம் கோர முடியாது.