எல்லைப் போராட்டமும் நெய்யாற்றின்கரையும்

திருவிதாங்கூர்த் தமிழர் போராட்டத்தைத் தியாக வரலாறாக மட்டும் காணும் போக்கு நிலவுகிறது. அப்போராட்டம் சட்டமன்றத்தில் பெற்ற வலிமையையும் அவ்வலிமை எட்டாத எல்லையையும் நெய்யாற்றின்கரையை முன்வைத்து இக்கட்டுரை நோக்குகிறது.

1945இல் நாகர்கோவிலில் தோன்றிய தமிழர் அமைப்பு, பின்னர்த் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் எனப் பெயர்பெற்றது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு முதலிய வட்டங்களோடு நெய்யாற்றின்கரைத் தமிழ்ப் பகுதிகளையும் அது கோரியது. எக்கட்சிக்கும் தனிப்பெரும்பான்மை கிட்டாத திருவிதாங்கூர்-கொச்சிச் சட்டமன்றத்தில், 1952இல் அது பெற்ற 8 இடங்களே ஏ.ஜே. ஜான் அமைச்சரவையைத் தாங்கின. ஆதரவு விலகியதும் 1953இல் அவ்வமைச்சரவை கவிழ்ந்தது. 1954 தேர்தலில் மார்ஷல் நேசமணியின் இயக்கம் 12 இடங்களைப் பெற்றது. அவ்வாண்டு ஆகஸ்டு 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நிகழ்ந்த துப்பாக்கிச்சூடு அனைத்திந்திய அரசியலையும் அசைத்தது. பட்டம் தாணுப்பிள்ளை பதவி விலக வேண்டுமென அவர்தம் கட்சியின் பொதுச்செயலாளர் லோகியாவே வற்புறுத்தினார், கட்சியும் பிளவுற்றது.

எனினும், எல்லையை வகுத்தது சட்டமன்ற எண்ணிக்கையன்று. 1955இல் அறிக்கையளித்த மாநிலச் சீரமைப்பு ஆணையம் வட்டத்தையே அலகாகக் கொண்டது. நெய்யாற்றின்கரை வட்டம் முழுமையும் கணக்கிடப்பட்டபோது மலையாளம் பேசுவோரே பெரும்பான்மையினர். ஆதலின் 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோட்டைச் சார்ந்த களியக்காவிளை சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அதனை அடுத்துள்ள பாறசாலை கேரளத்தில் நின்றது.

அமைச்சரவைகளைக் கவிழ்க்க வல்ல இயக்கத்தால் வட்டம் என்னும் அலகை மாற்ற இயலவில்லை. குமரி இணைப்பின் வெற்றியை எழுதுவோர், எல்லைக்கு அப்பால் சிறுபான்மையினராய் எஞ்சிய இத்தமிழரையும் அவ்வரலாற்றுள் சேர்த்தெழுதுதல் வேண்டும்.